பன்னிரண்டாம் தடத்துச் சிரிப்பு

காலை பதினொன்று இருபதுக்குப் படம் தொடங்கியது. திரைப்பட விழாக்காரர்கள் பெரிய படங்களுக்கு மாலை நேரத்தைக் கொடுத்திருந்தார்கள். அவனுக்குக் கிடைத்தது இது. அரங்கில் இருநூறு நாற்காலிகள். முன்வரிசையிலிருந்து திரும்பித் தலைகளை எண்ணினான். முப்பத்தேழு. அதில் இரண்டு பேர் தூங்க வந்தவர்கள் என்பது கழுத்தைச் சாய்த்த விதத்திலேயே தெரிந்தது.

எல்லோரும் அவனை ஊசி என்றுதான் அழைத்தார்கள். அவன் இயக்கிய முதல் படம் வந்தபோது ஒரு பத்திரிகைக்காரர் வைத்த பெயர். நன்றாகக் குத்துகிறான், தைக்கத்தான் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அதை வெட்டி வைத்துக்கொண்டான். இப்போது அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இது ஏழாவது படம்.

படத்தில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எந்தத் தவறு நடந்தாலும் மன்னிப்புக் கேட்பதற்கென்று சம்பளத்துக்கு ஒருவரை வைக்கிறார்கள். தண்ணீர் வரவில்லை என்றால் அவர் வந்து மன்னிப்புக் கேட்பார். கணவனும் மனைவியும் சண்டை போட்டால் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்பார். ஆறு மாதத்தில் அந்தக் கட்டடத்தில் குற்றமே செய்யாத நூற்றுப்பத்துப் பேர் வாழ்கிறார்கள். அதுதான் கதை.

ஒன்பதாவது நிமிடத்தில் மன்னிப்புக் கேட்பவர் முதல் கதவைத் தட்டுகிறார். கதவைத் திறந்தவர் அவரை மேலும் கீழும் பார்க்கிறார்.

"எதுக்கு மன்னிப்பு?"

"இன்னும் முடிவு பண்ணல சார். நீங்களே ஒன்னு சொல்லுங்க."

பிறகு மூன்றரை விநாடி இருவரும் பேசாமல் நிற்கிறார்கள். சிரிப்புக்காக விட்ட இடம்.

யாரும் சிரிக்கவில்லை. முதல் விநாடி போனது. அப்போது ஒரு பெண் சிரித்தாள்.

மூக்கிலேயே அடக்கப் பார்த்து, முடியாமல் உடைந்து, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும் சிரிப்பு. இடப்பக்கம் நடு வரிசையிலிருந்து வந்தது. ஏழெட்டுத் தலைகள் அந்தப் பக்கம் திரும்பின. அங்கே நாற்காலிகள் காலியாக இருந்தன. சுவரில் ஒலிபெருக்கி இருந்தது.

ஊசி திரும்பவில்லை. அது அவன் அக்கா. அக்கா அவனோடு பேசி ஒன்பது வருடம் ஆகிறது.

*

என்ன நடந்தது என்பது அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

நகைச்சுவைப் படத்தில் கடினமான வேலை மௌனத்தை அளப்பது. ஒரு வசனம் விழுந்தபின் அடுத்த வசனம் வரை எவ்வளவு நேரம் விடுவது? குறைத்து விட்டால் அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும். கூட்டி விட்டால் நடிகர்கள் பேருந்துக்கு நிற்பவர்கள்போல் நிற்பார்கள். இதற்கு ஊசி ஒரு வழி வைத்திருந்தான். படம் முடியும் முன் இருபது முப்பது பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவான். நாற்காலிகளுக்கு அடியில் மைக் இருக்கும். சிரிப்பைப் பதிவுசெய்து, அந்த நீளத்துக்கு மௌனத்தை வெட்டுவான்.

ஒரு மைக் எப்போதும் அக்காவின் நாற்காலிக்கு அடியில். அக்காவுக்கு அது தெரியும். உட்காரும் முன் குனிந்து பார்ப்பாள்.

"என்னடா, குண்டு வெச்சுட்டியா?"

"வெச்சாச்சு. நீ உக்காரு."

அக்கா சிரித்த இடம் ஊருக்கே சிரிப்பு வரும் இடம். அக்கா சும்மா இருந்த இடத்தை அவன் வெட்டி எறிந்தான். முதல் நான்கு படங்கள் அப்படித்தான் உருவாயின. அதன்பின் அக்கா வரவில்லை. ஐந்தாவது படத்திலிருந்து அவளுடைய பழைய சிரிப்பு ஒன்றை எடுத்து, வேலை பார்க்கும்போது பன்னிரண்டாம் ஒலித்தடத்தில் வைத்துக்கொண்டான். சிரிப்பு வர வேண்டிய இடத்திலெல்லாம் அது ஒலிக்கும். மௌனத்தை அதற்கேற்ப வெட்டுவான். படத்தை அனுப்பும் முன் அந்தத் தடத்தை அணைத்துவிடுவான்.

இந்த முறை அணைக்கவில்லை. ஐந்து மாதம் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து வேலை செய்திருந்தான். அவன் காதுக்கு அது சேர்த்து வைத்த ஒலியாகவே படவில்லை. சாலை இரைச்சல், கதவுச் சத்தம், அக்காவின் சிரிப்பு. கடைசியாகப் படத்தை முழுதாக ஓட்டிப் பார்த்தபோதும் எல்லாம் சரியாக இருந்தது.

பதினான்காம் நிமிடத்தில் அக்கா மறுபடி சிரித்தாள். இம்முறை யாரோ ஒருவர் அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சிரித்தார். இருபத்திரண்டாம் நிமிடத்தில் ஐந்தாறு பேர். நாற்பதாம் நிமிடத்துக்குமேல் அரங்கு அவளுக்காகக் காத்திருந்தது. அவள் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். தூங்க வந்தவர்களில் ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

விளக்கு எரிந்ததும் கை தட்டினார்கள். பதினோரு வருடத்தில் அவனுக்குக் கிடைத்த நல்ல கைதட்டல் அது.

*

படங்களை வாங்கி வெளியிடும் ஓர் அம்மாள் விழா உணவகத்தில் அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். தட்டில் வெறும் ரொட்டித் துண்டு ஒன்று.

"அந்தப் பொம்பள யாரு?"

"எங்க அக்கா."

"நடிகையா?"

"இல்ல. மருந்துப் பெட்டிக்குள்ள ஒரு சீட்டு வருமே, அதுல பிழை திருத்துறாங்க."

"யாருன்னே காட்டாம ஒருத்தியக் கடைசி வரைக்கும் சிரிக்க வெச்சிருக்கீங்க. நல்ல தைரியம். படத்த எடுத்துக்கறேன். சிரிப்போட."

"சிரிப்பு இல்லாம?"

"சிரிப்பு இல்லாம எதுக்கு?"

அது தைரியமில்லை, மறதி என்று அவன் சொல்லவில்லை. அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். குரலுக்கு உரியவரின் ஒப்புதல். கீழே கையெழுத்துக்குக் கோடு.

"சிரிப்புக்குமா கையெழுத்து?"

"பேச்சக்கூட மாத்திப் பேச வெச்சிடலாம். சிரிப்பு அவங்களோடது. மாசக் கடைசிக்குள்ள கொண்டுவாங்க. இல்லாட்டி மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பு என் படத்துலயே தாராளமா இருக்கு."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ரொட்டியை இரண்டாகப் பிட்டார்.

*

ஊருக்குத் திரும்பி முதலில் சிரிப்பை எடுத்துவிட்டுப் பார்த்தான். கதவைத் தட்டுபவரும் திறந்தவரும் மூன்றரை விநாடி ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். ஏதோ துக்கச் செய்தி சொல்ல வந்தவர்போல் இருந்தது. மௌனங்களை வெட்டிச் சுருக்கினான். இப்போது எல்லோரும் அவசரமாக எங்கோ போக வேண்டியவர்கள்போல் பேசினார்கள்.

கடையில் கிடைக்கும் பதிவுச் சிரிப்புகளைப் போட்டுப் பார்த்தான். பற்பசை விளம்பரம்போல் இருந்தது.

கடைசியில் தானே சிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. துணி அலமாரியைத் திறந்து, எதிரொலி வராமலிருக்க, மேல்கோட்டுகளுக்கு நடுவே மைக்கோடு நின்றான். சிரித்தான். மறுபடி சிரித்தான். பதினைந்தாவது தடவை பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"சார், ஒன்னும் பிரச்சன இல்லையே?"

"இல்ல. வேலை செஞ்சிட்டிருக்கேன்."

"அழுகற சத்தம் கேட்டுச்சு. அதான்."

அந்தப் பதிவை அழித்தான்.

பிறகு வெகுநேரம் அந்த ஒப்புதல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாழ்க்கையில் கையெழுத்து வாங்கப் போன இடங்கள் அதிகம் இல்லை. கேட்காமல் எடுப்பதுதான் அவன் வழக்கம். முதல் படத்தில், தன் ஓய்வு விழாவில் யார் யார் எப்போது அழ வேண்டும் என்று ஒத்திகை நடத்தும் தலைமையாசிரியர் வருவார். அது சித்தப்பா. படம் வந்த வாரத்திலிருந்து சித்தப்பா அவன் வரும் தெருவில் வருவதில்லை. இரண்டாவது படத்தில் வாசல் மிதியடிக்காக நாற்பது நிமிடம் சண்டை போடும் தம்பதி. அவன் மனைவி முதல் காட்சியில் உட்கார்ந்து, தான் பேசியதெல்லாம் ஒரு நடிகையின் வாயிலிருந்து வருவதைக் கேட்டாள். "நான் இவ்வளவு மெதுவாவா பேசுவேன்?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த மாதம் போய்விட்டாள். மூன்றாவது படத்தை நீதிமன்றம் மூன்று வாரம் நிறுத்தி வைத்தது. அதில் நடித்த நண்பனுக்கு அலுவலக வேலை போனது. ஊசிக்குப் பேட்டிகள் கிடைத்தன.

நான்காவது படம் அத்தான்.

அக்காவின் கணவர் கட்டடங்களில் தீ பாதுகாப்பைச் சோதிக்கும் அதிகாரி. வேலையை வீட்டுக்கும் கொண்டுவருபவர். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு விசில் அடிப்பார். அக்கா என்ன செய்துகொண்டிருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு, கதவோரம் தயாராக இருக்கும் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி வாசலுக்கு வர வேண்டும். அவர் கீழே கடிகாரத்தோடு நிற்பார். இதை அக்காதான் ஒருநாள் தொலைபேசியில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

படத்தில் கணவர் சொல்வார்: "நாப்பது விநாடி தாமதம். நீ செத்துட்ட." மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு நடைபாதை ஓரத்தில் உட்காருவாள். "சரி. அப்ப மத்தியான சமையல நீங்க பாத்துக்குங்க."

அந்த இடத்தில் அக்கா சிரித்த சிரிப்புதான் பன்னிரண்டாம் தடத்தில் இருந்தது. அன்று படம் பார்க்க அத்தானும் வந்திருந்தார்.

அதன்பின் அக்கா அவன் அழைப்பை எடுக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து அக்கா மகள் அழைத்தாள். அத்தான் இறந்துவிட்டார் என்றாள். மாரடைப்பு. அவன் சட்டையை மாட்டிக்கொண்டே எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டான்.

"மாமா, நீங்க வர வேணாம்னு அம்மா சொல்றாங்க. தப்பா நினைக்காதீங்க. எல்லாரும் கொஞ்சம் நிம்மதியா அழணும்ங்கறாங்க."

அவன் போகவில்லை. அது நான்கு வருடத்துக்கு முன்பு.

இப்போது அந்த எண்ணுக்கு அவனே அழைத்தான்.

"மாமாவா? யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகல."

"அப்ப எதுக்குக் கூப்பிட்டீங்க?"

அக்காவின் புது முகவரி வேண்டும் என்றான். அக்கா மகளின் பின்புறம் தையல் இயந்திரம்போல் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"தரேன். லிஃப்ட் வேலை செய்யும். கதவு தொறக்குமான்னு நான் சொல்ல முடியாது."

*

கதவு திறந்தது. சங்கிலி போட்டபடி.

அக்காவின் முடி முழுக்க வெளுத்திருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தாள். கையில் சிவப்புப் பேனா.

"கேமரா இருக்கா?"

"இல்லக்கா."

"மைக்?"

"இல்ல."

"சட்டப் பையில?"

"போன் மட்டும்தான்."

சங்கிலி இடுக்கு வழியாக ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினாள். அவன் போனை அதில் போட்டான். அவள் மூடியை அழுத்தி மூடி உள்ளே எங்கோ வைத்துவிட்டு வந்து சங்கிலியை எடுத்தாள்.

ஓர் அறை, ஒரு சமையலறை. ஜன்னலோரம் மேசை. மேசை முழுக்க மெல்லிய தாள்கள், எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்துகள். உட்கார ஒரு நாற்காலிதான் இருந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இளைச்சுட்ட."

"நீயும்தான்."

"நான் இளைக்கல. அளவுக்கு வந்திருக்கேன்." ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். "இதப் பாரு. தலைவலி மாத்திரை. பக்கவிளைவு, தலைவலி. தப்புன்னு சுழிச்சு அனுப்பினேன். தப்பு இல்லியாம். அப்படியே போடச் சொல்லிட்டாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அக்கா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"சரி, சொல்லு. எதுக்கு வந்த?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பன்னிரண்டாம் தடம், அணைக்க மறந்தது, காலைக் காட்சி, நாற்பதாம் நிமிடம், வாங்க வந்த அம்மாள். மறைக்காமல் சொன்னான். அவளுக்குத் தெரியாமல் ஒன்பது வருடமாக அதை வைத்து வேலை செய்ததையும் சொன்னான். அலமாரிக்குள் நின்று சிரித்ததைச் சொன்னபோது அவள் உதடு லேசாக அசைந்தது. தாளை எடுத்து மேசைமேல் வைத்தான்.

அக்கா கண்ணாடியை இறக்கி முழுவதும் படித்தாள். பழக்கத்தில் இரண்டு இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தாள்.

"இது இல்லாட்டி படம் வராது?"

"வராது."

"அடுத்த படம்?"

"இது வந்தாத்தான் அடுத்தது. எனக்கு வேற ஒன்னும் தெரியாதுக்கா."

"தெரியும்." எழுந்து போய் டின்னைக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்து அவனிடம் நீட்டினாள். "போடு. கேக்கறேன்."

அவன் போனில் தேடிப் போட்டான். மூன்றரை விநாடி. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இன்னொரு தரம்."

போட்டான்.

"இவ்வளவு சத்தமாவா சிரிச்சேன்?"

"நீ எப்பவும் அப்படித்தான்."

"இல்ல. மத்த நேரம் அளவாச் சிரிப்பேன். அன்னிக்கு அடக்கிப் பாத்தேன். முடியல." போனை மேசையில் குப்புற வைத்தாள். "உன் மேல கோவம்னு நினைச்சியா இத்தன வருஷம்?"

"பின்ன?"

"உன் மேல என்ன கோவம்? உனக்குச் சொன்னதே நான்தான். நாய்கிட்ட எலும்பப் போட்டுட்டு நாய் மேல கோவப்பட முடியுமா?"

அவன் குப்புறக் கிடந்த போனைப் பார்த்தான்.

"அன்னிக்குக் கார்ல வரப்போ உங்க அத்தான், படம் நல்லாத்தான் இருக்கு, அந்த நடிகர்தான் கொஞ்சம் குண்டுன்னார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஞாயித்துக்கிழமை பத்து மணி ஆச்சு. நான் செருப்பப் போட்டுக்கிட்டுக் கதவுகிட்ட நிக்கறேன். விசில் வரல. எட்டிப் பாத்தா செய்தித்தாள் படிச்சிட்டிருக்கார். இன்னிக்கு இல்லியான்னேன். பக்கத்தத் திருப்பினார். அதுக்கப்புறம் ஒரு நாளும் அடிக்கல."

"நீ கேட்டிருக்கலாமே."

"என்னன்னு கேக்கறது? ரெண்டு மாசம் அந்தப் பை அங்கயே கெடந்துச்சு. நான்தான் பிரிச்சு, துணியெல்லாம் எடுத்து மடிச்சு உள்ள வெச்சேன். பாத்துக்கிட்டே இருந்தார். எனக்கு மூணு மாடி எறங்கறது மிச்சம். சந்தோஷப்படணும்தானே?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி பின்னோக்கி வரும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அது நிற்கும்வரை அக்கா மேசைத் தாள்களை ஓரம் தட்டி அடுக்கினாள்.

"அஞ்சு வருஷம் இருந்தார் அதுக்கப்புறம். நல்லாத்தான் இருந்தோம். சண்டை இல்ல. நான் எதையும் யார்கிட்டயும் சொல்றதில்ல, அவர் எதையும் செய்றதில்ல."

தாளைத் தன் பக்கம் இழுத்தாள். சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு மேசையில் நீலப் பேனாவைத் தேடி எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். கோட்டின்மேல் பேனா முனையை வைத்தாள். பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள். நிறுத்தினாள்.

"அன்னிக்கு அந்த அரங்கு முழுசும் பதிவு இருந்துச்சுதானே? நான் மட்டுமில்லாம?"

"இருந்துச்சு. இப்ப இல்ல. உன்னோடத மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்துட்டு மத்தத அழிச்சுட்டேன்."

"பிரிக்கறதுக்கு முன்னாடி கேட்டிருப்ப இல்ல?"

"கேட்டிருக்கேன்."

"ஒரு தரமா?"

"நாள் கணக்கா. ஒவ்வொரு சத்தமா எடுக்கணும்."

அதில் ஓர் இருமல் இருந்தது. நாற்காலி முனகல் இருந்தது. பின்வரிசையில் ஒருவர் தும்மியிருந்தார். அவன் அவற்றை நினைவிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுவான். எல்லாம் அவனுக்கு இடைஞ்சல்கள். அக்காவின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த மனிதரை அவன் காது ஒருமுறைகூடத் தேடியதில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். பேனா கையிலேயே இருந்தது.

"நான் அவர் பக்கம் திரும்பல. சிரிச்சு முடிச்சதும் பயம் வந்துருச்சு. படம் முடியற வரைக்கும் நேராவே பாத்துட்டிருந்தேன். வீட்டுலயும் கேக்கல. இருட்டுல என் பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். சமாதானத்துக்குன்னு எதையும் சொல்லாத. கையெழுத்து எப்படியும் போட்டுத்தான் தரப் போறேன். நீ அத்தன நாள் கேட்டியே, சொல்லுடா, அவரும் சிரிச்சாரா?"